காப்பகத்துக் குரங்கு ஏன் பையைப் பறிக்கிறது? மனிதர்–குரங்கு மோதலும் அதைக் குறைக்கும் வழிகளும்

இயற்கைக் காப்பகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் பார்வையாளரின் கைப்பையைப் பறித்துக்கொண்டு மரமேறும் குரங்கும், அதே காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தபின் எதிர்ப்பட்டு, மனிதரைக் கண்டவுடன் உயரமான கிளைகளுக்கு ஒதுங்கிவிடும் குரங்கும் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகவே இருக்கும். உடலமைப்பிலோ அறிவிலோ இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. மனிதரிடமிருந்து உணவு கிடைக்கும் என்பதை முதல் குரங்கின் கூட்டம் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவதன் கூட்டத்துக்கு அப்படிக் கற்றுக்கொள்ள வாய்ப்பு அமையவில்லை. குரங்குத் தொல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை விலங்கின் குணக்கேடாகக் காண்பதைவிட, மனிதர்கள் தம்மை அறியாமலே ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் ஒரு பயிற்சியின் விளைவாகக் காண்பதே உண்மைக்கு நெருக்கமானது. மோதலைக் குறைக்கக் காப்பகங்கள் எடுக்கும் நடவடிக்கைகளில் எவை பயன் தருகின்றன, எவை வீணாகின்றன என்பதும் அந்தப் பயிற்சியை நிறுத்த முடிகிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

எல்லாக் குரங்கினங்களும் இந்த மோதலில் ஈடுபடுவதில்லை. இலைகளை முதன்மை உணவாகக் கொண்டு, அவற்றைச் செரிப்பதற்கென்றே அறைகளாகப் பிரிந்த இரைப்பையைப் பெற்ற இனங்கள் பொதுவாக மரங்களின் மேற்பகுதியிலேயே காலத்தைக் கழிக்கின்றன. மோதல் செய்திகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுபவை செம்முகக் குரங்கு போன்ற மக்காக் வகைக் குரங்குகளும், நாய்முகம் கொண்ட பெரிய குரங்குகளான ஆப்பிரிக்காவின் பபூன்களும்தான். பழம், விதை, பூச்சி, தளிர், நண்டு என்று கிடைப்பதை உண்ணும் இயல்பும், மரத்தைப் போலவே தரையிலும் எளிதாக நடமாடும் திறனும், காட்டின் விளிம்பைத் தயங்காமல் பயன்படுத்தும் துணிவும் இவற்றுக்கு உண்டு. அத்துடன், பறித்த உணவை மெல்லாமலே திணித்துவைத்துக்கொண்டு ஓடிவிட உதவும் கன்னப்பைகளும் இருப்பதால், சில நொடிகளில் முடிந்துவிடும் பறிப்புகூட இவற்றுக்கு நல்ல ஆதாயமாகிவிடுகிறது.

மனிதரைக் கண்டு பழகுவதும் மனித உணவுக்குப் பழகுவதும் தனித்தனியான இரு நிகழ்வுகள் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நடைபாதையில் நாள்தோறும் மனிதர்கள் வந்துபோகும்போது, அவர்களால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை என்று கண்டுகொண்ட குரங்குகள் காலப்போக்கில் அவர்களைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகின்றன. ஆய்வாளர்கள் குரங்குகளை அருகிலிருந்து கவனிப்பதற்கு இந்தப் பழக்கத்தையே நம்பியிருக்கிறார்கள். இதனால் பெரிய கேடு எதுவும் விளைவதில்லை. ஆனால் மனிதரின் வருகையோடு உணவும் சேர்ந்து வரத் தொடங்கினால், குரங்கின் கணக்கு மாறிவிடுகிறது. அதுவரை கண்டுகொள்ளாமல் விடப்பட்ட மனிதர், அணுகத்தக்கவராகவும் பின்தொடரத்தக்கவராகவும் வற்புறுத்தத்தக்கவராகவும் ஆகிவிடுகிறார். காப்பகப் பணியாளர்கள் அஞ்சுவது இந்த இரண்டாவது நிலையைத்தான்.

கையால் நேரடியாக ஊட்டுவது மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணுவது பெரும் பிழை. மூடப்படாத குப்பைத்தொட்டி, நடைபாதையோரம் வீசப்பட்ட பழத்தோல், உண்டு முடித்த மேசையில் விட்டுச்சென்ற மிச்சம், வாகனத்தின் சன்னல் வழியே எறிந்த தின்பண்டம், குரங்கு துரத்தியதும் அச்சத்தில் கைவிட்ட பொட்டலம் ஆகிய அனைத்தும் குரங்கின் பார்வையில் மனிதர் கொடுத்த உணவே. இவற்றுள் மிகவும் கேடு விளைவிப்பது கடைசியாகச் சொன்னதுதான் என்பது என் கணிப்பு. குப்பைத்தொட்டி உணவிருக்கும் இடத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கிறது. அச்சத்தில் கைவிட்ட பொட்டலமோ, அச்சுறுத்தினால் உணவு வரும் என்ற உத்தியையே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

கற்றல் நிகழும் விதம்

விலங்குகளின் கற்றலைப் பற்றி உளவியல் நெடுங்காலமாக அறிந்திருக்கும் இரண்டு உண்மைகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. முதலாவது, எப்போதும் தவறாமல் கிடைக்கும் வெகுமதியைவிட, எப்போதாவது கிடைக்கும் வெகுமதி ஒரு நடத்தையை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் விதிகளை மதித்து நடந்தாலும், எஞ்சிய ஐந்து பேர் அவ்வப்போது எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தால், குரங்கு ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்ப்பதைக் கைவிடாது. பரிசுச்சீட்டு வாங்குகிறவர் பலமுறை ஏமாந்தும் வாங்குவதை நிறுத்தாததைப் போன்றது அது. நான் ஒருவன் கொடுப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்த விதி காட்டுகிறது. அந்த ஒருவரின் ஈகைதான் மற்றத் தொண்ணூற்றொன்பது பேரின் கட்டுப்பாட்டைப் பயனற்றதாக்குகிறது.

இரண்டாவது உண்மை நிர்வாகத்தினருக்கு இன்னும் முக்கியமானது. வழக்கமாகக் கிடைத்துவந்த வெகுமதி திடீரென நின்றால், அந்த வெகுமதியைப் பெற்றுத்தந்த நடத்தை உடனே குறைவதில்லை. குறைவதற்கு முன்பு சிறிது காலம் தீவிரமடைகிறது. அதுவரை கை நீட்டிக் காத்திருந்த குரங்கு, இப்போது ஆடையைப் பிடித்து இழுக்கும். ஆடையைப் பிடித்து இழுத்த குரங்கு, இப்போது பல்லைக் காட்டிப் பாயும். உணவளிக்கத் தடை விதித்த சில வாரங்களில் புகார்கள் பெருகுவதைக் கண்டு, தடையே தோற்றுவிட்டதாக நினைத்துக் கைவிட்டுவிடும் நிர்வாகம், அந்தத் தீவிர நடத்தைக்கே வெகுமதி அளித்துவிடுகிறது. விளைவாக, தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்தில் போய் நிற்க வேண்டிவரும். ஆகவே தடையைத் தொடங்குமுன்பே இந்த இடைக்காலத்துக்கென்று கூடுதல் பணியாளர்களை ஒதுக்கி, நிலைமை சற்று மோசமாகிப் பின்னரே சீரடையும் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

கற்றல் தனி விலங்கோடு நின்றுவிடுவதுமில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள உலுவாத்து கோயில் வளாகத்தில் வாழும் நீள்வால் மக்காக்குகள், பயணிகளின் மூக்குக்கண்ணாடி, தொப்பி, காலணி, கைப்பேசி ஆகியவற்றைப் பறித்து வைத்துக்கொண்டு, உணவு கொடுத்த பிறகே திருப்பித் தருகின்றன. 2017-இல் வெளியான ஆய்வொன்று, பயணிகளுக்கு அருகில் அதிக நேரத்தைக் கழிக்கும் கூட்டங்களிலும் இளம் ஆண்கள் மிகுந்த கூட்டங்களிலும் இந்தப் பழக்கம் மிகுந்திருப்பதைக் காட்டியது. 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வயது முதிர்ந்த குரங்குகள் மனிதர் அதிகமாக மதிக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பறிப்பதையும், அத்தகைய பொருளுக்கு ஈடாகக் கூடுதலான அல்லது மேலான உணவை எதிர்பார்ப்பதையும் பதிவுசெய்தது. குட்டிகளுக்கு இந்த மதிப்பீடு இல்லை. ஒன்றையொன்று பார்த்துக் கற்று, அனுபவத்தால் கூர்மைப்படுத்திக்கொள்ளும் திறமை இது. கைப்பேசி திரும்பக் கிடைத்தால் போதும் என்று ஒரு பழத்தை நீட்டும் பயணி, அந்தப் பள்ளியின் ஆசிரியர்களில் ஒருவராகிவிடுகிறார்.

உணவளிப்பதால் குரங்குக்கு என்ன ஆகிறது?

உணவளிப்பவர்களில் பெரும்பாலோர் இரக்கத்தால்தான் அதைச் செய்கிறார்கள் என்பதால், அதனால் குரங்குக்கே விளையும் கேட்டை விளக்கிச் சொல்வது அபராதப் பலகையைவிடப் பயன் தரக்கூடும். மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலைக்காடுகளில் வாழும் பார்பரி மக்காக்குகளைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில், பயணிகள் உணவளித்துவந்த கூட்டத்துக் குரங்குகள், காட்டு உணவை மட்டுமே உண்டுவந்த கூட்டத்தைவிட உடல் பருத்தும், உரோமம் தரங்குன்றியும், மன உளைச்சலைக் காட்டும் ஹார்மோன்களின் அளவு உயர்ந்தும் காணப்பட்டன. சீனாவின் ஹுவாங்ஷான் மலையில் திபெத்திய மக்காக்குகளைச் சுற்றுலாவுக்காகக் குறிப்பிட்ட எல்லைக்குள் நிறுத்தி உணவளித்து நிர்வகித்த காலத்தில், குட்டிகளின் இறப்பு உயர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உணவு ஓரிடத்தில் குவிக்கப்படும்போது, காட்டில் பரவி மேயும் கூட்டம் அந்த ஓரிடத்தில் நெருக்கியடிக்க வேண்டியிருக்கிறது. பெரியவை ஒன்றோடொன்று சண்டையிடும் இடைவெளியில் குட்டிகள் கடிபடுகின்றன. சாலையோரம் உணவளிக்கப்பட்டால் வாகனங்களில் அடிபட்டு இறப்பதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

காட்டுக்கும் இழப்பு உண்டு. பழங்களைத் தின்று வெவ்வேறு இடங்களில் விதைகளை விட்டுச்செல்லும் குரங்குகள், மரங்களின் பரவலுக்குப் பெருந்துணை செய்பவை. மேற்கு வங்கத்தின் பக்ஸா புலிகள் காப்பகத்தில் செம்முகக் குரங்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட கட்டுரை, மனிதர் தரும் உணவு மிகுந்த காலங்களில் அவை காட்டுப் பழங்களைக் குறைவாக உண்டு, குறைந்த தூரமே நடமாடுவதையும், விதைப்பரவல் அதனால் குன்றுவதையும் காட்டியது.

எண்ணிக்கைப் பெருக்கம் இன்னொரு விளைவு. போதிய உணவுள்ள மந்தி (பெண் குரங்கு) இளவயதிலேயே ஈனத் தொடங்கி, குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து ஈனுகிறது. ஜப்பானில் 1952 முதல் பல இடங்களில் ஆய்வுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் காட்டுக் குரங்குகளுக்குத் திட்டமிட்டு உணவளிக்கப்பட்டது. விலங்கியலுக்கு அதனால் கிடைத்த அறிவு பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கூட்டங்கள் பல மடங்கு பெருகி அண்டையிலுள்ள வயல்களிலும் குடியிருப்புகளிலும் இறங்கின. ஒசாகாவை அடுத்த மினோ நகரம் 2010-இல் குரங்குகளுக்கு உணவளிப்போருக்கு அபராதம் விதிக்கும் விதியைக் கொண்டுவந்ததற்குப் பின்னே இந்த நீண்ட அனுபவம் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஓரிடத்தில் நாமே முறையாக உணவு வைத்துவிட்டால் குரங்குகள் அங்கேயே நின்றுவிடுமே என்று அடிக்கடி முன்வைக்கப்படும் யோசனைக்கு, ஜப்பானின் வரலாறு போதிய எச்சரிக்கை. ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டரின் மலைக் காப்பகத்தில் அரசே உணவு வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பவை கடலாலும் நகரத்தாலும் சூழப்பட்ட சில நூறு குரங்குகள் மட்டுமே. அவற்றுக்குக் கருத்தடையும் மருத்துவக் கண்காணிப்பும் உண்டு. பயணிகள் உணவளிப்பது அங்கும் குற்றமே.

முகக்குறிகளைத் தவறாகப் படித்தல்

பறிப்புக்குக் காரணம் உணவு என்றால், கடிக்குப் பெரும்பாலும் காரணமாவது தவறான புரிதல். பார்பரி மக்காக்குகளின் முகப் படங்களைப் பார்வையாளர்களிடம் காட்டி நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது; சினந்து மிரட்டும் முகத்தைக்கூட நட்பான முகமென்றோ இயல்பான முகமென்றோ பலர் எடுத்துக்கொண்டனர், குரங்குகளோடு பழகிய அனுபவமுள்ளவர்களும் தவறுகளிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. மனிதர் மகிழ்ச்சியில் பல் தெரியச் சிரிக்கிறார். மக்காக்கின் உலகத்தில் பல் வெளித்தெரிவது அச்சத்தையோ பதற்றத்தையோ குறிக்கும். கண்ணோடு கண் பார்த்துப் பேசுவது மனிதருக்கு மரியாதை. குரங்குக்கு உற்றுநோக்கல் நேரடியான அறைகூவல். கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டிப் படமெடுப்பவர், நீட்டிய கை, நிலைத்த பார்வை, பல் தெரியும் சிரிப்பு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்கிறார்.

பார்வையாளர் அறிந்துவைத்திருக்க வேண்டிய எச்சரிக்கைக் குறிகள் அதிகமில்லை. புருவத்தை உயர்த்தி, காதுகளைப் பின்னோக்கி மடித்து, வாயை வட்டமாகத் திறந்து உற்றுப் பார்க்கும் மக்காக் மிரட்டுகிறது. தரையைக் கையால் அறைவதும், தலையை முன்னுக்குத் தள்ளிச் சிறிது பாய்ந்து நிற்பதும், கிளையைப் பிடித்து உலுக்குவதும் அதற்கடுத்த நிலைகள். கடுவன் (ஆண் குரங்கு) அகலமாகக் கொட்டாவி விட்டால், அது தூக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் பதற்றத்தில் கோரைப்பற்களைக் காட்டும் செயல். மாறாக, உதடுகளை வேகமாகச் சப்புவது நட்புக் குறி. இந்தக் குறிகள் தோன்றுவதற்கும் கடி விழுவதற்கும் இடையே பொதுவாகச் சில நொடிகளாவது இருக்கும். அந்த நொடிகளை மனிதர் வீணாக்கிவிடுகிறார் என்பதே பெரும்பாலான கடிகளின் கதை. குட்டியோடிருக்கும் மந்தியின் அருகே செல்வதற்கு மட்டும் இந்த அவகாசத்தையும் நம்பக் கூடாது.

நோய்த்தொற்றைப் பற்றி மிகைப்படுத்தாமலும் குறைத்துச் சொல்லாமலும் பேசுவது நல்லது. ரேபிஸ் நிலவும் நாடுகளில் குரங்குக் கடிக்கும் கீறலுக்கும் உடனடி மருத்துவம் தேவை. மக்காக்குகள் சுமக்கும் ஹெர்பீஸ் பி வைரஸ் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. 1932-இல் அது அடையாளம் காணப்பட்டபின் உலகளவில் பதிவான மனிதத் தொற்றுகள் ஏறத்தாழ 50 மட்டுமே, அவற்றிலும் பெரும்பாலானவை ஆய்வகங்களில் நேர்ந்தவை. ஆயினும் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. ஹாங்காங்கின் காட்டுப் பூங்காவில் குரங்குகளால் காயமுற்ற ஒருவருக்கு 2024-இல் இந்தத் தொற்று உறுதியானது. அங்கே பதிவான முதல் மனிதத் தொற்று அதுவே. நோய் எதிர்த்திசையிலும் பயணிக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மனிதரின் சளிக்காய்ச்சல், தட்டம்மை, காசநோய் ஆகியவை குரங்குகளைத் தாக்கவல்லவை. கொரில்லா, சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகளைக் காணச் செல்வோர் குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல் கூறுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம். மற்றக் குரங்குகளுக்கும் அந்தத் தூரத்தை ஓர் அளவுகோலாகக் கொள்வதில் தவறில்லை.

காப்பகம் செய்ய வேண்டியவை

உணவளிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அடித்தளம். ஹாங்காங்கில் காம் ஷான் உள்ளிட்ட காட்டுப் பூங்காக்களில் 1999 முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் உச்ச அபராதம் 10,000 ஹாங்காங் டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், அத்துடன் ஓராண்டுச் சிறையாகவும் உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரில் 2020-இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, உணவளித்து முதன்முறை பிடிபடுவோருக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரையிலும், மீண்டும் பிடிபடுவோருக்கு 10,000 டாலர் வரையிலும் அபராதம் விதிக்கலாம். தொகை பெரிதாக இருப்பதைவிட, பிடிபடுவோம் என்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் இருப்பதே முக்கியம். 25 ஆண்டுகளுக்குப் பிறகும் ஹாங்காங் தண்டனையைக் கூட்ட வேண்டியிருந்தது என்பதை, சட்டத்தால் மட்டும் பழக்கம் மாறுவதில்லை என்பதன் சான்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தைவிடக் குறைவாகப் பேசப்பட்டாலும் அதைவிட அதிகமாக வேலை செய்வது குப்பைத்தொட்டிதான். மூடி தானாக மூடிக்கொள்ள வேண்டும். திறப்பதற்கு ஒன்றை அழுத்திக்கொண்டே மற்றொன்றை இழுக்க வேண்டியதுபோல இரு செயல்கள் தேவைப்பட வேண்டும். தொட்டி கவிழ்க்க முடியாதபடி தரையோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்து, விடுமுறை நாள் மாலையில் தொட்டி நிரம்பி அருகில் பைகள் குவிந்துகிடந்தால், எல்லாம் வீண். நிரம்புவதற்கு முன் காலிசெய்ய ஆளில்லாத இடத்தில் தொட்டியே வைக்காமல், கொண்டுவந்ததை வெளியே கொண்டுசெல்லுங்கள் என்ற விதியைப் பின்பற்றுவது மேல். உணவகங்களைக் காப்பகத்தின் உட்பகுதியில் அமைக்காமல் வாயிலுக்கு வெளியே அமைப்பதும், உள்ளேதான் அமைக்க வேண்டுமென்றால் உண்ணும் கூடத்தை வலையால் மூடுவதும், நடைபாதையை ஒட்டிப் பழமரங்களை நடாமல் காட்டின் உட்புறத்தில் நடுவதும் இதே வகையைச் சேர்ந்த, விளம்பரமில்லாத வேலைகள்.

பலகைகளைப் பற்றி ஒரு சொல். 'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்' என்ற வாசகம் எங்கும் உண்டு; அதைப் படித்துவிட்டு அதற்குக் கீழேயே நின்று உணவளிப்போரும் உண்டு. எதைச் செய்யக் கூடாது என்பதோடு, பையை எங்கே வைப்பது, குரங்கு நெருங்கினால் எப்படி நிற்பது என்பதையும் படத்தோடு காட்டும் பலகை, அதுவும் பை திறக்கப்படும் இடத்துக்குச் சற்று முன்பாக வைக்கப்பட்ட பலகை, கூடுதல் பயன் தரும். பலகையைவிட வலியது மனிதக் குரல். பார்வையாளரிடம் பணிவாகப் பேசி உணவை மறைக்கச் சொல்லவும், நடைபாதைக்கு இறங்கும் கூட்டத்தைத் தரையில் கோல் தட்டியும் ஓசையெழுப்பியும் மெல்ல மரங்களின் பக்கம் திருப்பவும் பயிற்சிபெற்ற காவலர்கள் இருக்கும் இடங்களில் மோதல் குறைகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பத்தில், குடியிருப்புகளை நோக்கி வரும் பபூன் கூட்டங்களை நாள் முழுவதும் பின்தொடர்ந்து மலைப்பக்கம் திருப்பும் பணிக்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். செலவு மிகுந்த வழி இது. காவலர் விடுப்பில் போகும் நாளைக் குரங்குகள் மறப்பதுமில்லை.

குரங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டுவிடலாம் என்ற கோரிக்கை எங்கும் எழும். பிடிபடாதவை வெற்றிடத்தை நிரப்புகின்றன. விடப்பட்ட இடத்தில் ஏற்கெனவே வாழும் கூட்டத்தோடு சண்டை மூள்கிறது. மனித உணவைத் தேடும் பழக்கம் கூண்டோடு சேர்ந்து புதிய ஊருக்குக் குடிபெயர்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில், சில்வர் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் 1930-களில் படகுச் சுற்றுலா நடத்தியவர் கொண்டுவந்து விட்ட செம்முகக் குரங்குகள் பெருகியபோது, 1984-க்கும் 2012-க்கும் இடையில் ஏறத்தாழ 1,000 குரங்குகள் அகற்றப்பட்டன. அதன் பிறகும் குரங்குகள் அங்கே இருந்தன. ஹாங்காங் 2007 முதல் பெரிய அளவில் செய்துவருவது கருத்தடை. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க இது நாகரிகமான வழி. ஆனால் மக்காக் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதால் பலன் மிக மெதுவாகவே தெரியும், மேலும் கருத்தடை செய்யப்பட்ட குரங்கும் பையைப் பறிக்கும். கொன்று குறைப்பதைப் பற்றி முடிவெடுப்போர், எங்கும் காணப்படுவதாகத் தோன்றும் நீள்வால் மக்காக் 2022-இல் அருகிவரும் (Endangered) இனமாக வகைப்படுத்தப்பட்டிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு விலங்கு திரும்பத் திரும்பக் கடிக்கும் நிலையை அடைந்து, வேறெந்த வழியும் பலிக்காமல், அதை அகற்றியே ஆக வேண்டிய கடினமான நேரங்கள் வரலாம். அப்போதும் அந்த விலங்கைச் சரியாக அடையாளம் கண்ட பிறகே எதையும் செய்ய வேண்டும்.

பார்வையாளர் செய்ய வேண்டியவை

உணவை வெளியே தெரியாதபடி மூடிய முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்வது முதல் வேலை. நெகிழிப் பை உணவின் அடையாளமாகவே குரங்குகளுக்குப் பழகியிருப்பதால், அதில் துணியே இருந்தாலும் கையில் தொங்கவிடக் கூடாது. குரங்குகள் நடைபாதையில் அமர்ந்திருந்தால் நின்று, அவை விலகக் காத்திருந்து, அல்லது பார்வையைத் தாழ்த்தி அமைதியாகக் கடந்து செல்லலாம். கூட்டத்தின் நடுவே புகுந்து மந்தியையும் குட்டியையும் பிரித்துவிடக் கூடாது. சிறுவர்களின் முகம் குரங்கின் கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதாலும் அவர்களின் அசைவுகள் திடீரென்று நிகழ்வதாலும், அவர்களைப் பெரியவர்களுக்கு நடுவில் நடக்கச் செய்வது நல்லது.

மிரட்டல் தொடங்கிவிட்டால் கத்தவோ ஓடவோ கூடாது. பையை மார்போடு அணைத்து, பல்லைக் காட்டாமல், நேராக உற்றுப் பார்க்காமல், ஆனால் முதுகையும் காட்டாமல், மெல்லப் பின்னோக்கி நகர வேண்டும். குடையோ கோலோ இருந்தால் அடிக்க ஓங்காமல் இருவருக்கும் இடையே தரையில் ஊன்றிப் பிடிக்கலாம். குரங்கு ஏற்கெனவே பிடித்துவிட்ட பொருளை இழுத்துப் போராடுவதுதான் கடிபடுவதற்கு மிக விரைவான வழி. அந்தப் பொருளை விட்டுவிடுவதும், அதே சமயம் அதற்கு ஈடாக உணவை நீட்டாமலிருப்பதும் கடினமாகத் தோன்றலாம். உண்ண முடியாத பொருளாக இருந்தால் குரங்கு சற்று நேரத்தில் தானாகவே போட்டுவிடுவதும் உண்டு, இல்லையென்றால் பணியாளரை அழைக்க வேண்டும்.

கடியோ கீறலோ ஏற்பட்டால், காயம் எவ்வளவு சிறியதானாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் முழுமையாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று, கடித்தது குரங்கு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் பி வைரஸுக்கான மருந்தும் தேவையா என்பதை அவர் முடிவுசெய்வார்.

அதன்பின் காப்பகத்துக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். நேரம், நடைபாதையின் எந்தப் பகுதி, அப்போது கையில் என்ன இருந்தது, அருகில் யாராவது உணவளித்துக்கொண்டிருந்தார்களா, குரங்கு ஆணா பெண்ணா குட்டியோடு இருந்ததா, காதிலோ வாலிலோ முகத்திலோ வடு போன்ற அடையாளம் ஏதும் தெரிந்ததா என்பவற்றைச் சொன்னால் போதும். இத்தகைய பதிவுகள் சேரச் சேர, புகார்களில் பெரும்பகுதி ஓரிரு இடங்களிலிருந்தும் ஒருசில விலங்குகளிடமிருந்துமே வருகிறதா என்பது பணியாளர்களுக்குத் தெரியவரும். அப்படித் தெரிந்த பிறகு, காப்பகம் முழுவதற்கும் புதிய திட்டம் தீட்டுவதற்கு முன்பாக, அந்த இடத்திலுள்ள தொட்டியின் மூடியைச் சரிசெய்தும், விடுமுறை நாள்களில் அங்கே ஒரு காவலரை நிறுத்தியும் பார்க்கலாம்.